கல்லூரி ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினியாப்பொலிஸில் உள்ள மாரியூச்சி அரங்கில், ஓர் அக்டோபர் மாத வெள்ளிக்கிழமை இரவு, எனக்கு முன்வரிசையில் இரண்டு தமிழ் மாணவர்கள் அமர்ந்திருந்தார்கள். ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியட் தொடங்கும் முன்பே எழுந்துகொண்ட அவர்களில் ஒருவர், "இது சும்மா அக்டோபர் ஆட்டம்தானே, பிக் டென் தொடங்கிய பிறகு ஒழுங்காக வந்தால் போதும்" என்று மற்றவரிடம் சொன்னார். நானும் மேற்படிப்புக்காக இங்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிக் டென் கான்ஃபரன்ஸில் ஆடும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கோஃபர்ஸ் அணியைப் பின்தொடர்ந்து பல பருவங்களைக் கழித்துவிட்ட நிலையில், அந்தச் சொற்கள் என்னைச் சற்றுத் தொந்தரவு செய்தன. அரங்கின் குளிருக்குத் தக்க உடை, வாகனம் நிறுத்துமிடம் போன்றவற்றை எவரும் ஒரே இரவில் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. நானே செய்த, கற்றுக்கொள்ள ஆண்டுகள் பிடித்த தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

அக்டோபரை அலட்சியம் செய்வது

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் மேல்தட்டான ஆண்கள் முதல் பிரிவில் ஆறு கான்ஃபரன்ஸ்கள், அதாவது பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் அணிக் குழுக்கள், இருக்கின்றன. பிக் டென் அணி ஒன்று தன் கான்ஃபரன்ஸுக்குள் 24 ஆட்டங்கள் ஆடுகிறது. மீதமுள்ள பத்துச் சொச்ச ஆட்டங்களே மற்ற கான்ஃபரன்ஸ் அணிகளுடன் நடப்பவை. அவற்றில் பெரும்பாலானவை அக்டோபரிலிருந்து ஆண்டிறுதிக்குள் முடிந்துவிடும். ஜனவரிக்குப் பிறகு ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் பெரும்பாலும் தனக்குள்ளேயே மோதிக்கொள்வதால், எந்தக் கான்ஃபரன்ஸ் வலிமையானது என்று கணக்கிடும் சூத்திரத்துக்கு இந்த ஆட்டங்களைத் தவிர வேறு ஆதாரம் ஏறக்குறைய இல்லை. மார்ச்சில் தொடங்கும் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் அக்டோபர் தோல்விக்கும் மார்ச் தோல்விக்கும் ஒரே எடைதான். எழுந்து போன அந்த மாணவர்கள் உண்மையில் மார்ச் மாதத்தின் ஒரு பகுதியைப் பார்க்காமல் போனார்கள்.

வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மட்டும் வருவது

பெரும்பாலும் அதே இரு அணிகள்தாம் வெள்ளியும் சனியும் மோதும்; இரண்டு இரவுகளும் சேர்ந்ததே ஒரு தொடர். பாதியைப் பார்த்தவர் தொடரைப் பார்த்தவர் ஆகமாட்டார்.

வாக்குப் பட்டியலை நம்பிப் பணத்தைச் செலவிடுவது

இந்தத் தவறைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

2018ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் இறுதிக் கட்டமான ஃப்ரோசன் ஃபோர், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, செயின்ட் பாலில் நடைபெறவிருந்தது. அதற்கு முந்தைய மண்டலச் சுற்றுகளுள் ஒன்று தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில். காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். மார்ச் தொடக்கத்தில் கோஃபர்ஸ் அணி பிக் டென் காலிறுதியில் பென் ஸ்டேட்டிடம் தோற்றிருந்தாலும், வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்தும் வாராந்திர வாக்குப் பட்டியலிலும், தேர்வுக் குழுவின் கணக்கை அப்படியே போட்டுக் காட்டும் பேர்வைஸ் பட்டியலிலும் முதல் பதினாறுக்குள் பாதுகாப்பாகவே இருப்பதாக எனக்குத் தோன்றியது. போட்டிக்குத் தேர்வாகும் அணிகள் 16. எங்கள் அணி அதற்குள் இருக்கிறது. ஆகவே இடம் உறுதி என்று கணக்குப் போட்டேன். சூ ஃபால்ஸில் பணம் திரும்பக் கிடைக்காத விடுதி அறையை எனக்கும் நண்பருக்குமாக முன்பதிவு செய்து, மண்டலச் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நுழைவுச்சீட்டுகளையும் வாங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, 16 இடங்களில் 6 இடங்கள் அந்தந்தக் கான்ஃபரன்ஸ் கோப்பையை வெல்லும் அணிகளுக்குத் தாமாகவே போய்விடும். அந்த வெற்றியாளர் பட்டியலில் முப்பதாவது இடத்தில் இருந்தாலும் உள்ளே வருவார். அவருக்காக முதல் பதினாறின் அடியில் இருப்பவர் ஒருவர் வெளியேற வேண்டும். ஆகவே பதினாறாவது இடம் என்பது பெரும்பாலான ஆண்டுகளில் வெளியே நிற்கும் இடம்தான்; பதினான்காவது இடமே ஊசலாட்டம். இரண்டாவது, எங்கள் அணி தோற்று வீட்டில் அமர்ந்துவிட்டது. ஆடாத அணியால் தன் எண்ணை உயர்த்திக்கொள்ள இயலாது; ஆனால் மற்றவர்கள் ஆடும் ஒவ்வோர் ஆட்டமும் அந்த எண்ணை அசைத்துக்கொண்டே இருக்கும். அன்றைய தேர்வுச் சூத்திரத்தில், நூறு பங்கில் சொந்த வெற்றி விழுக்காட்டுக்கு 25 பங்கும், எதிரணிகளின் வெற்றி விழுக்காட்டுக்கு 21 பங்கும், எதிரணிகளின் எதிரணிகளுக்கு 54 பங்கும் இருந்தன. அதாவது நம் தலைவிதியின் முக்கால் பங்கு பிறர் அரங்குகளில் எழுதப்பட்டது.

கடைசி வார இறுதியில் பிரின்ஸ்டன் கூடுதல் நேரத்தில் கிளார்க்சனை வீழ்த்தி இசிஏசி கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்றது. பாஸ்டன் பல்கலைக்கழகம் ஹாக்கி ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்றது. மிச்சிகன் டெக்கும் ஏர் ஃபோர்ஸும் தத்தம் கான்ஃபரன்ஸ் கோப்பைகளை வென்று தாமாகவே உள்ளே வந்தன. எஞ்சியிருந்த கடைசி இடம் மயிரிழை வித்தியாசத்தில் எங்களுக்கு இல்லாமல் போய், எங்கள் மாநிலத்தின் இன்னோர் அணியான மினசோட்டா துலூத்துக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பர் எதுவும் பேசவில்லை. துலூத் அணியைச் சூ ஃபால்ஸுக்கே அனுப்பினார்கள். அங்கே வென்று, செயின்ட் பாலில் நோட்டர் டேமை 2-1 என்று வீழ்த்திச் சாம்பியனும் ஆனது. எங்களுக்கென்று நான் வாங்கிய இருக்கையில் அமர்ந்து அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தேன். துலூத் மிக நேர்த்தியாக ஆடியது. அந்த மயிரிழையை அக்டோபரில் ஏதேனும் ஓர் ஆட்டம் மாற்றியிருக்கும் என்ற எண்ணம்தான் அன்று முழுவதும் என்னை விட்டு அகலவில்லை. அந்த அக்டோபரில் பாதி ஆட்டங்களை நான் பார்க்கவே இல்லை.

சென்ற ஆண்டு வேறொரு மாநிலத்து அணியை ஆதரிக்கும் இளம் நண்பர் ஒருவர், வாக்குப் பட்டியலில் தம் அணி பதினைந்தாவது இடத்தில் இருப்பதைக் காட்டி, விமானச்சீட்டு எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வாக்குப் பட்டியல் என்பது வாக்காளர்களின் கருத்து மட்டுமே. தேர்வுக் குழு அதைக் கையில் எடுப்பதே இல்லை. 2025-26 பருவத்திலிருந்து ஆண்கள் பிரிவில் பேர்வைஸ் ஒப்பீட்டுக்குப் பதிலாக என்பிஐ என்ற குறியீடு வந்துவிட்டது. சூத்திரம் மாறினாலும், கோப்பை வென்றவருக்குத் தாமாக இடம் என்னும் விதி மாறவில்லை. இடம் உறுதியான அணிக்கும் ஊர் உறுதி இல்லை. மண்டலச் சுற்றை நடத்தும் பல்கலைக்கழகம் தேர்வானால் அது அங்கேயே ஆட வேண்டும். ஒரே கான்ஃபரன்ஸ் அணிகள் முதல் ஆட்டத்தில் மோதாதவாறு பார்த்துக்கொள்வார்கள். இவற்றுக்காக ஓர் அணியை நாட்டின் மறுகோடிக்கும் அனுப்புவார்கள். ஆகவே அறிவிப்பு வரும் ஞாயிறு வரை, பணம் திரும்பக் கிடைக்கும் விடுதி அறைகளைத் தவிர வேறெதையும் வாங்காதீர்கள் என்றேன். அவர் அதற்கு முந்தைய நாளே விமானச்சீட்டை எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஷூட்அவுட் வெற்றியை வெற்றி என்று எண்ணுவது

பருவத்தின் சாதாரண ஆட்டங்களில், வழக்கமான நேரத்தில் சமநிலை என்றால், மூவருக்கு மூவராக 5 நிமிடக் கூடுதல் நேரம். அதிலும் முடிவு இல்லையெனில் கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் ஷூட்அவுட், அதாவது வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கோல்காவலரைத் தனியே எதிர்கொள்வது. பிக் டென் புள்ளிப் பட்டியலில் வழக்கமான நேரத்து வெற்றிக்கு 3 புள்ளிகள். கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1. ஆனால் தேசியத் தேர்வுக் கணக்கில் ஷூட்அவுட் வரை போன ஆட்டம் சமநிலையாகவே பதிவாகும். அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கும் இரவில், மார்ச் கணக்கில் நாம் அரை ஆட்டத்தை இழந்திருக்கக்கூடும்.

சண்டையை எதிர்பார்த்து வருவது

கல்லூரி ஆட்டத்தில் கைகலப்பில் இறங்குபவர் வெளியேற்றப்படுவதோடு அடுத்த ஆட்டத்தையும் இழப்பார்.

பெரிய பெயர்களைக் கொண்டு அணியை அளப்பது

தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்த 2021ஆம் ஆண்டுத் தேர்வில் முதல் ஐந்து இடங்களில் நான்கைப் பிடித்தவர்கள் 2021-22 பருவத்தில் மிச்சிகன் அணியின் ஒரே உடைமாற்று அறையில் இருந்தார்கள்: ஓவன் பவர், மாட்டி பெனியர்ஸ், லூக் ஹியூஸ், கென்ட் ஜான்சன். பருவம் முழுவதும் அவர்களைப் பற்றியே பேசிய புதிய ரசிகர்களைப் பார்த்தேன். பாஸ்டனில் நடந்த அரையிறுதியில் டென்வர் கூடுதல் நேரத்தில் 3-2 என்று மிச்சிகனை வீழ்த்தி, பிறகு கோப்பையையும் வென்றது. இருபது வயதைக் கடந்த, மூன்று நான்கு ஆண்டுகள் ஒன்றாக ஆடிய மாணவர்களுக்கு ஒருவர் நகர்வு மற்றவருக்குத் தெரிந்திருக்கும். நட்சத்திரங்களோ ஓரிரு ஆண்டுகளில் ஒப்பந்தம் போட்டுச் சென்றுவிடுவார்கள். அதற்கு முன்பும் டிசம்பர் 26இல் தொடங்கும் உலக இளையோர் போட்டிக்காக அணியை விட்டுப் போயிருப்பார்கள். மூன்றாம், நான்காம் வரிசை வீரர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில், அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் பெனால்டி நேரத்தைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

மகளிர் அணியை மறப்பது

மாரியூச்சிக்கு அடுத்த கட்டடமே ரிடர் அரங்கம். கல்லூரி மகளிர் ஹாக்கிக்கென்றே 2002இல் திறக்கப்பட்டது. 2025 இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் அங்கேதான் ஒஹாயோ ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்றது.

தோற்ற மாணவனுக்கு வசைச்செய்தி அனுப்புவது

செய்யாதீர்கள்.

கூடுதல் நேரம் தொடங்கும்போது இருக்கையில் இல்லாதிருப்பது

2023இல் டாம்பாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மினசோட்டா 2-0 என்று முன்னிலையில் இருந்தது. குயினிபியாக் சமன் செய்தது. வீட்டில் என்னுடன் பார்த்துக்கொண்டிருந்த நண்பர், நீண்ட இரவாக இருக்கும் என்று சொல்லித் தேநீர் போட எழுந்து சென்றார். கூடுதல் நேரம் தொடங்கிய 10ஆவது வினாடியில் ஆட்டம் முடிந்துவிட்டது.