வெள்ளவத்தை ரயில் பாதை, மேசையளவில்: கையால் கட்டிய பாலத்தோடு ஒரு சிறிய மாதிரி

எங்கள் வீட்டுப் பல்கனியில் நின்றால் கரையோர ரயில் தெரியும். கொழும்பு மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது புதினமில்லை. கதைத்துக்கொண்டிருக்கிற ஆள் ரயில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். அந்த ரயிலை வீட்டுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். கோட்டையிலிருந்து கல்கிசை வரைக்கும் கட்ட யாராலும் முடியாது. ஆகவே வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தையும் அதன் மேல் ஒரு பாலத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கே இருக்கிற பாலத்தின் அச்சு நகல் இல்லை இது. அந்த இடத்துக்குப் பொருந்தக்கூடிய ஒரு சின்ன இரும்புப் பாலம், அவ்வளவுதான்.

பாலம் என்றதும் எல்லோரும் கேட்பது எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே 1921 இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான். கணக்குப் பாருங்கள். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். 160 இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 57 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் உயரம் வரும். அது வளைந்த பாலம் வேறு. முதல் வேலைக்கு வேண்டாம்.

அளவைத் தீர்மானித்தல்

மாதிரி ரயில்களில் பரவலானவை இரண்டு. எச்.ஓ. என்பது 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ‘என்’ ஸ்கேல் என்பது 1:160, அகலம் 9 மி.மீ. பிளாட்டில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘என்’ ஸ்கேலுக்குப் போங்கள். வாங்கும்போது பெட்டியைப் படியுங்கள்: ஜப்பான் சாமான் பெரும்பாலும் 1:150, பிரித்தானியச் சாமான் 1:148. எல்லாம் ஒரே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பருமன் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சின்ன உறுத்தல் இருக்கிறது. நம்முடைய பாதை அகலப் பாதை, 1676 மி.மீ. அதை 160 ஆல் வகுத்தால் 10.5 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 9. இந்த ஒன்றரை மில்லிமீட்டரை நினைத்துத் தூக்கம் கெடுபவர்கள் தண்டவாளத்தையும் கையாலேயே போடுகிறார்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

பலகை

4 அடிக்கு 2 அடி பிளைவுட், 9 மி.மீ. தடிப்பு, அடியில் மரச் சட்டம். பழைய சோனகத் தெருப் பக்கம் ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் அளவுக்கு வெட்டித் தருவார்கள். எம்.டி.எஃப். பலகை மலிவு, வழவழப்பு, வெட்டவும் சுகம். ஆனால் கடற்கரை வீட்டில் இரண்டு மழைக்காலம் கழிந்தால் ஓரம் பாணைப்போல் ஊதிவிடும். பிளைவுட்டுக்கும் மேல், கீழ், ஓரம் எல்லாம் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஈரம் கீழிருந்து ஏறிப் பலகை வளையும்.

அதன் மேல் ஓர் அங்குல ரெஜிபோம், அதாவது பொதி செய்ய வருகிற வெள்ளை நுரைப் பலகை. வெள்ளைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். தின்னர் வாசம் அடிக்கிற எந்தப் பசையும் ரெஜிபோமைத் தின்றுவிடும். நிலம் பலகையிலிருந்து 25 மி.மீ. உயர்ந்து நிற்பதால், ரெஜிபோமை வெட்டினால் கால்வாய் கிடைக்கும். ஆனால் இப்போது வெட்டாதீர்கள்.

நான் வெட்டினேன். கடதாசியில் பாலத்தை வரைந்து, 150 மி.மீ. என்று முடிவு செய்து, அந்த அளவுக்கே கால்வாயையும் வெட்டிவிட்டுப் பிறகு பாலத்தைக் கட்டினேன். கட்டி முடித்தபோது 147 வந்தது. மூன்று மில்லிமீட்டர் என்பது இந்த அளவில் அரை மீட்டர். ஐஸ்கிறீம் குச்சி வைத்து அடைத்தேன். இன்றைக்கும் வீட்டுக்கு வருபவர்கள் கண் நேரே அங்கேதான் போகிறது. இரண்டாவது பலகையில்தான் புத்தி வந்தது: முதலில் பாலம், அப்புறம் கால்வாய்.

தண்டவாளத்தை வைத்துப் பார்த்தல்

மாதிரித் தண்டவாளம் செய்கிற பெக்கோ நிறுவனத்தின் ‘என்’ ஸ்கேல் வளைவுத் துண்டுகளில் இரண்டாம் ஆரம் 263.5 மி.மீ. 45 பாகை வளைவு எட்டு இருந்தால் முழு வட்டம். அதை இரண்டாகப் பிரித்து, நடுவே இரு பக்கமும் 60 செ.மீ. நேர்ப்பாதை வையுங்கள். நேர்ப்பாதைக்கு வளையக்கூடிய நீளத் தண்டவாளம் நல்லது. ஒரு துண்டு ஏறக்குறைய 91 செ.மீ. வரும், தேவைக்கு வெட்டலாம். முக்கியமான காரணம், பாலத்தின் மேல் இணைப்பு வரக்கூடாது. இணைப்பு இருக்கிற இடத்தில்தான் பெட்டி துள்ளும், கரண்டும் தடைப்படும்.

எதையும் ஒட்டாமல் ரயிலை ஒரு சுற்று ஓடவிடுங்கள். திருப்தியானால் பென்சிலால் பலகையில் கோடு போட்டுவிட்டு, தண்டவாளத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள்.

பாலம்

செலவு இரண்டு காலாவதியான வங்கி அட்டை. உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த அட்டை 85.6 மி.மீ. நீளம், 54 மி.மீ. அகலம், 0.76 மி.மீ. தடிப்பு, உலகம் முழுக்க ஒரே அளவு. எழுத்துகள் புடைக்காத அட்டையாகப் பாருங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். வீட்டில் சண்டை வந்தால் எனக்குத் தெரியாது.

நாம் கட்டப்போவது தகட்டுக் கர்டர் பாலம். அதாவது நிமிர்ந்து நிற்கும் ஒரு தகடு, அதன் மேலும் கீழும் படுத்திருக்கும் இரண்டு பட்டை. வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘ஐ’ எழுத்துப்போல் இருக்கும். இப்படி இரண்டு கர்டர் சேர்ந்தால் ஒரு கண். நமக்கு இரண்டு கண், நடுவில் ஒரு தூண். ஒவ்வொரு கண்ணும் 75 மி.மீ., நிஜத்தில் 12 மீட்டர். நிஜக் கர்டர்களில் ஆழம் நீளத்தின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். ஆகவே நமக்கு 8 மி.மீ. போதும்.

அட்டையின் இரு பக்கமும் வளைந்த மூலைகளை வெட்டி 75 மி.மீ. ஆக்குங்கள். அகலத்தில் 6.5 மி.மீ. பட்டி நான்கு, 3 மி.மீ. பட்டி எட்டு. மொத்தம் 50 மி.மீ.; இவற்றுக்கு ஒரே அட்டை போதும், நான்கு மில்லிமீட்டர் மிச்சமும் இருக்கும். இரும்பு அடிமட்டத்தை வைத்துக் கூரான கத்தியால் ஏழெட்டுத் தடவை மெதுவாகக் கீறி, பிறகு வளைத்தால் டக்கென்று விடும். ஒரே அழுத்தில் வெட்டப் போனால் கத்தி வழுக்கும், கோடும் கோணலாகும், விரலும் போகும்.

ஒட்டும் இடத்தை அரத்தாளால் லேசாக உரசி, சுப்பர் குளூவால் ஒட்டுங்கள். மாதிரிக் கடைகளில் கிடைக்கிற பிளாஸ்டிக் பசை பொலிஸ்டைரினுக்கானது, இந்த அட்டை பி.வி.சி., பிடிக்காது. சுப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. கொழும்புப் புழுக்கம் எனக்கு உதவி செய்த ஒரே இடம் இதுதான்.

நிமிர்ந்த தகடு பட்டையின் சரி நடுவில் வர வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி: ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரண்டாவது அட்டையையும், அதன் மேல் ஒரு தடித்த பிரிஸ்டல் போர்ட் துண்டையும் அடுக்கி, 6.5 மி.மீ. பட்டியை அதன் மேல் படுக்கவையுங்கள். 3 மி.மீ. பட்டியைக் கண்ணாடியில் ஓரமாக நிறுத்தி அதன் விளிம்போடு சேர்த்து ஒட்டினால், அடியில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்ச உயரம் அதைத் தானாகவே நடுவுக்குக் கொண்டுவரும். மற்றப் பக்கமும் அப்படியே.

அடுத்தது பொறுமை கேட்கிற வேலை. நிஜக் கர்டரில் தகடு நெளியாமல் இருக்க, வெளிப்பக்கத்தில் செங்குத்தாக முட்டுப் பட்டிகள் இருக்கும். பாலம் பாலமாகத் தெரிவது அந்த வரிசையால்தான். பிரிஸ்டல் போர்ட்டில் ஒரு மி.மீ. அகலத்துக்கு நீளப் பட்டி வெட்டி, 6.5 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, 7.5 மி.மீ. இடைவெளியில் ஒட்டுங்கள். ஒரு கர்டருக்கு 11, நான்கு கர்டருக்கும் 44. உட்பக்கத்துக்கு வேண்டாம், யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. ஒட்டியதும் ஒரு துளி சுப்பர் குளூவை ஊறவிட்டால் கடதாசியும் பிளாஸ்டிக்போல் இறுகிவிடும். ஆணித் தலைகளை விட்டுவிடுங்கள், இந்த அளவில் அவை குண்டூசி முனைக்கும் கீழே.

இரண்டு கர்டரையும் 10 மி.மீ. இடைவெளியில் நிறுத்தி, உள்ளே, அந்த இரண்டாவது அட்டையில் வெட்டிய 10 க்கு 6.5 மி.மீ. குறுக்குத் தகடு நான்கு ஒட்டுங்கள். இரண்டு நுனியில், இரண்டு நடுவில். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், முறுகியிருந்தால் இப்போதே பிரித்து ஒட்டுங்கள். காய்ந்தபின் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்து, மேலே அரைக் கிலோ சீனிப் பைக்கற்றை மெதுவாக வையுங்கள். ‘என்’ ஸ்கேல் எஞ்சின் நூறு கிராம் அளவுதான். சீனியைத் தாங்கினால் ரயிலைத் தாங்கும்.

நிறத்துக்கு முதலில் ரெட் ஒக்சைட் பிறைமர், காய்ந்ததும் சாம்பல். பிறகு அரத்தாளால் விளிம்புகளை மட்டும் தேய்த்தால் சிவப்பு எட்டிப்பார்க்கும். உப்புக் காற்றில் நிற்கிற இரும்பு அப்படித்தான் இருக்கும். ஸ்பிறே அடிக்கும்போது ரெஜிபோம் பக்கத்தில் இருக்கக்கூடாது.

இப்போது கால்வாய்

இரண்டு கண்களையும் ஒரு மி.மீ. இடைவெளியோடு வரிசையாக வைத்து, அடிமட்டத்தை மறந்துவிட்டு, பாலத்தையே பலகையில் போட்டுக்கொண்ட கோட்டின் மேல் வைத்து இரு நுனியிலும் குறியிடுங்கள். என்னுடையது 151 மி.மீ. வந்தது. கரையில் வரும் தாங்குசுவர் படிபோல் இருக்கும்: கர்டர் உட்கார 6 மி.மீ. அகலத் தட்டு, அதன் பின்னால் தண்டவாள மட்டம் வரை ஏறும் 2 மி.மீ. சுவர். அந்தச் சுவருக்கும், நுனியில் அரை மி.மீ. மூச்சுவிடும் இடத்துக்கும் சேர்த்து 156 மி.மீ. வெட்டினேன். உங்கள் எண் வேறாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும்.

உயரக் கணக்கு: ரெஜிபோம் 25, தண்டவாளத்தின் கீழ் வரும் கோர்க் 3, சேர்த்து 28. பாலத்தின் ஆழம் 8 ஐக் கழித்தால் 20. தூணும் தாங்குசுவர்த் தட்டும் 20 மி.மீ. உயரம். தடித்த மட்டையை அடுக்கி ஒட்டி, சுவருக்குப் பூசுகிற புட்டியை மெல்லிதாகத் தடவி, பாதி இறுகியதும் ஊசியால் கருங்கல் வரிசைபோல் கீறுங்கள். தூண் 20 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிப்பு. ஒரு மி.மீ. முன்பின்னாக இருந்தால் மட்டையைச் சீவலாம், அடியில் கடதாசி வைக்கலாம். பாலத்தின் மேல்தட்டும் கோர்க்கின் மேல்மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விரலில் இடறினால் சில்லிலும் இடறும்.

தண்ணீருக்கு நீலம் அடிக்காதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாயை ஒருமுறை போய்ப் பாருங்கள்: நடுவில் பச்சை கலந்த கபிலம், கரையோரம் மங்கிய மண் நிறம். அதைப் பலகையிலேயே பூசி, தண்ணீரில் கரையும் மினுக்கு வார்னிஷை நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசுங்கள்.

தண்டவாளம், கரண்ட், மணல்

கோர்க்கை ஒட்டி, அதன் மேல் தண்டவாளம். பாலத்தின் மேல் சல்லி போடக்கூடாது. இந்த வகைப் பாலத்தில் சிலிப்பர் கட்டைகள் கர்டர் மேலேயே கிடக்கும், இடைவெளியால் தண்ணீர் தெரியும். துண்டுகள் சேரும் இடங்களில் அரை மி.மீ. விடுங்கள், பலகை ஈரத்துக்கு ஊதிச் சுருங்கும்.

12 வோல்ட் நேர்மின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து வயர் வரும். ஒரே இடத்தில் கொடுத்தால் தூரத்தில் ரயில் சோம்பும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சோடி, அந்தப் பக்கம் ஒரு சோடி என்று ஈயப் பற்று வைத்துக் கொடுங்கள். வயரும் ஈயமும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிடைக்கும்.

கரைக்கு வெள்ளவத்தை மணலையே போடலாமே என்று தோன்றும். போடலாம், இரண்டு நிபந்தனை. நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவி வெயிலில் காயவிடுங்கள். உப்பு இருந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தைக் கறுப்பாக்கும். அப்புறம், ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலுக்குள் நன்றாகக் கிண்டுங்கள். நம் கடல் மணலில் கறுப்புத் துகள்கள் கலந்திருக்கும். புல்மோட்டையில் இல்மனைட்டுக்காகத் தோண்டுகிறார்களே, அந்த இனம்தான். எஞ்சின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. இந்தத் துகள் ஏறினால் பற்சில்லில் அரைபடும். என் முதல் எஞ்சின் அப்படித்தான் கரகரக்கத் தொடங்கியது.

தென்னைகளை 9 செ.மீ. உயரத்துக்குச் செய்யுங்கள், செம்புக் கம்பி தண்டு, பச்சைக் கடதாசி ஓலை. கடலை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து நடுங்கள்.

ஓடவிடும்போது முதல் சுற்று எஞ்சின் மட்டும், நடை வேகத்தில். பாலத்துக்குள் ஏறும் இடத்தைக் கண்மட்டத்தில் குனிந்து பாருங்கள். அடுத்தது ஒரு பெட்டி, பிறகு நான்கு. மாதம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். கடலுக்குக் கிட்ட இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஓடாத நேரம் மேலே ஒரு பழைய பெட்ஷீட். பல்கனிக் கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.