வன்னிக்குள் சைக்கிளில் நான்கு நாள்: புறப்படுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய தவறுகள்

மாலை ஐந்தேகால் இருக்கும். வட இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு சிறு குளத்தின் அலைகரையில் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தோம். பாய் விரித்த மாதிரித் தட்டையான புல், பக்கத்திலேயே தண்ணீர், மேலே மருத மரம். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் மூன்று பேரும் நினைத்தோம். குளக்கட்டால் சைக்கிளில் வந்த ஐயா ஒருவர் ஒரு காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார். "தம்பியவை, இதிலை படுக்கேலாது. இது அதுகள் தண்ணிக்கு இறங்கிற பாதை" என்றார்.

அப்புறம்தான் நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். புல் தட்டையாகக் கிடந்தது யானைகள் மிதித்து மிதித்துத்தான். நான் ஆணி அடிக்கக் குனிந்த இடத்திலிருந்து நாலு எட்டுத் தள்ளி, தாம்பாளம் அளவில் ஒரு காலடி. அதற்குள் தண்ணீர் ஊறி நின்றது. கொஞ்சம் அப்பால் கிடந்த இலத்திக்குள் ஒரு பனங்கொட்டை முழுசாக இருந்தது. இன்னும் காயாத இலத்தி. கால்மணி நேரத்தில் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிக்கொண்டு அந்த ஐயாவுக்குப் பின்னால் போய், ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்து விறாந்தையில் படுத்தோம். இரவு பத்து மணிக்குக் குளப் பக்கம், யானையை விரட்டக் கொளுத்துகிற யானைவெடிச் சத்தம் கேட்டது.

அந்தப் பயணத்துக்கு நாங்கள் இரண்டு கிழமை திட்டம் போட்டிருந்தோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர், மொத்தம் எவ்வளவு, எந்த றோட்டு தார் போட்ட காப்பெற், எந்த றோட்டு கிறவல் என்று எல்லாம் எழுதியிருந்தோம். இரவு எங்கே படுப்பது என்ற இடத்தில் மட்டும் 'குளக்கரை' என்று எழுதி விட்டிருந்தோம். வன்னிக்குச் சைக்கிளில் வருகிற பலரும் செய்கிற பெரிய தவறு இதுதான்: தூரத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள், தங்குமிடத்தை விட்டுவிடுகிறார்கள்.

செல்வச்சந்நிதி முருகன் கோவிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களைப் பாருங்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய், திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையால் வாரக்கணக்கில் நடக்கிறார்கள். நம் நாட்டில் நெடுந்தூரப் பாதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பாதைதான். அவர்களிடம் போய் இன்றைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்றைக்கு எந்தக் கோவிலடி என்று கேட்டால் உடனே சொல்வார்கள். கிணறு, கூரை, ஆள் நடமாட்டம் மூன்றும் இருக்கிற இடத்தில்தான் அவர்களுடைய நாள் முடியும். சைக்கிள்காரருக்கும் அதே கணக்குத்தான். முறிகண்டி, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், வற்றாப்பளை அம்மன், மடு, திருக்கேதீஸ்வரம் என்று இரவுத் தங்கலுக்குரிய இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கோவில் இல்லாத இடத்தில் சனசமூக நிலையம், பொதுநோக்கு மண்டபம், தெரிந்த ஒருவரின் வளவு. அதற்குப் பிறகு அவற்றுக்கிடையில் கோடு போடுங்கள். ஒரு நாள் 60 கிலோமீற்றர் வரும், இன்னொரு நாள் 30 தான் வரும். வரட்டும்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏ9 வீதியால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். வெறும் சைக்கிளென்றால் ஒரு காலைப்பொழுது வேலை. கூடாரம், தண்ணீர், சாப்பாடு என்று பதினைந்து கிலோ கட்டிக்கொண்டு, மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் போய், அங்கிருந்து கிறவல் றோட்டில் ஒரு குளக்கட்டுக்கு இறங்கிப் பாருங்கள், மணிக்கு எட்டுப் பத்துக் கிலோமீற்றர்தான் ஓடும். மாங்குளம் - முல்லைத்தீவு வீதி 50 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கிறது. அதைக்கூட இரண்டு நாளாகப் பிரித்தால்தான் வழியில் இருக்கிறதைப் பார்க்கலாம்.

விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிடுவது

வெயிலுக்கு முன் ஓடிவிடலாம் என்று இருட்டோடு புறப்படச் சொல்லும் ஆலோசனை எல்லா இடத்திலும் கிடைக்கும். யாழ்ப்பாணத்துக்குள் அது சரி. வன்னியில் அதைக் கேட்காதீர்கள். பொழுது பட்டதிலிருந்து விடியும்வரை காட்டோரத்து வீதிகள் யானைக்குரியவை. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மடுப் பக்கங்களில் உள்ளூர்க்காரரே அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் போக யோசிப்பார்கள். சைக்கிளில் போகிறவருக்கு இயந்திரச் சத்தம் இல்லை, வேகமும் இல்லை. வளைவில் தனியன் யானை ஒன்று நின்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும்.

நன்றாக வெளிச்சம் வந்தபிறகு, ஆறு, ஆறரைக்குப் புறப்படுங்கள். பதினொரு மணிவரை ஓடுங்கள். அப்புறம் மூன்று மணிவரை நிழலில் சாப்பாடும் தூக்கமும். பிறகு பத்து, பதினைந்து கிலோமீற்றர், அவ்வளவுதான். நாலரைக்கு, பிந்தினால் ஐந்துக்குள் தங்குமிடத்தில் நிற்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தக் கிழமை இஞ்சால் பக்கம் யானை வந்ததோ?" தேநீர்க் கடையில் கேட்டால் போதும், எந்த வேலியால் வந்தது, எந்த வீட்டு வாழையைச் சாய்த்தது என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

சாப்பாட்டுச் சாமானைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு படுப்பதும் இதோடு சேர்ந்த தவறு. உப்புக்கும் நெல்லுக்கும் வீட்டுச் சுவரையே இடிக்கிற விலங்கு அது. வாழைப்பழம், மாம்பழம், உப்பு, அரிசி எதுவும் தலைமாட்டில் இருக்கக்கூடாது. தங்குகிற இடத்துக் குசினியிலோ கடையிலோ கொடுத்து வையுங்கள். மின்வேலி கண்ட இடத்தில் சைக்கிளைச் சாய்க்கவும் வேண்டாம்.

ஆனி, ஆடியில் பாலைப்பழம் பழுக்கும் காலம். கரடிக்கு அதில் கொள்ளை ஆசை. பாலை மரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்தால் பொறுக்க ஆசை வரும், எனக்கும் வரும். ஊர்க்காரர் யாராவது கூட இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள்.

பாதையை விட்டு இறங்குவது

இதை எழுதும்போது மெதுவாக எழுதுகிறேன், நீங்களும் மெதுவாக வாசியுங்கள். வன்னி நிலம் 2009வரை போர் நடந்த நிலம். கண்ணிவெடி அகற்றும் வேலை பெருமளவு முடிந்திருக்கிறது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் முகமாலைப் பக்கத்தில் அந்த வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்தது. சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அதைத் தாண்டி ஒரு அடியும் இல்லை. பலகை இல்லாத இடத்திலும், மனிதரும் மாடும் நாளாந்தம் நடந்து தேய்ந்த தடத்தை விட்டு இறங்காதீர்கள். ஒதுங்குவதற்குக்கூட ஊர் வரும்வரை பொறுங்கள்.

கூடாரம் போடுவதற்கும் இது பொருந்தும். தெரியாத மண்ணில் ஆணி அடிப்பதும், குழி தோண்டுவதும், தரையில் நெருப்பு மூட்டுவதும் வேண்டாம். குப்பை கொளுத்தும்போது மண்ணுக்குள் கிடந்தது வெடித்து ஆட்கள் காயப்பட்ட சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. மழை வெள்ளம் மண்ணை அரித்தால் முந்தி இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று மேலே வரும். துருப்பிடித்த எந்த இரும்பையும் காலால்கூடத் தட்டிப் பார்க்காதீர்கள். ஆணி இல்லாமல் தானே நிற்கிற கூடாரமும் ஒரு சிறு வாயு அடுப்பும் வன்னிக்கு நல்லது. கோவில் முற்றத்துச் சீமெந்துத் தரையிலும் அந்தக் கூடாரம் நிற்கும்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மடுவும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்களாக்கப்பட்டவை. அவற்றுக்குள் நினைத்தபடி சைக்கிளில் போய்ப் படுக்க முடியாது. வனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளும் அப்படித்தான். ஊருக்குள் தங்குவதென்றால் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) ஒரு சொல் சொல்லுங்கள், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். இருட்டில் முகம் தெரியாத மூன்று பேர் கூடாரம் அடித்தால் ஊர்ச் சனம் பயப்படும். இவ்வளவு பட்ட ஒரு சனத்துக்கு அந்தப் பயத்தைக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. மடுத் திருவிழா ஆகஸ்ட் 15, வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில். அந்த நாட்களில் படுக்க இடம் தேடாதீர்கள், கும்பிட மட்டும் போங்கள்.

காற்றையும் மழையையும் கேட்காமல் திசை முடிவு செய்வது

மன்னாரிலிருந்து பூநகரிக்கு ஏ32 வீதி. மேடு பள்ளமே இல்லை, வெட்டை. வரைபடத்தில் பார்த்தால் இதைவிடச் சுகமான றோட்டு இல்லை. ஆனால் வைகாசி முதல் புரட்டாதிவரை சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும். அந்தக் காலத்தில் பூநகரியிலிருந்து மன்னார்ப் பக்கம் மிதித்தால் முகத்துக்கு நேரே காற்று; மரம் மட்டை எதுவும் மறைக்காது. சங்குப்பிட்டிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர்களை எனக்குத் தெரியும். அதே நாளில் எதிர்ப்பக்கமாக வருகிறவர் பெடலில் கால் வைத்திருந்தாலே போதும். சோளகத்தில் மன்னாரிலிருந்து வடக்கே வாருங்கள், வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் வடக்கிலிருந்து மன்னாருக்கு இறங்குங்கள். திட்டத்தில் இந்த ஒரு மாற்றம் ஒரு முழு நாளை மிச்சம் பிடித்துத் தரும்.

ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி முடியும்வரை வேண்டவே வேண்டாம். குளம் நிரம்பி வான் பாய்ந்தால் கிறவல் றோட்டு ஆறாகிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்துக்குள் நின்றன. முழங்கால் அளவுதானே என்று வான் தண்ணீருக்குள் சைக்கிளை உருட்டாதீர்கள், அடியில் தெரு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. என்னைக் கேட்டால் மாசியும் பங்குனியும். குளம் நிறைந்திருக்கும், வயல் பச்சை, தெரு காய்ந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது.

தண்ணீருக்கு வருவோம். குளம் கண்ட இடமெல்லாம் தண்ணீர் என்று ஒரு போத்தலோடு வருகிறார்கள். குளத்துத் தண்ணீர் குடிக்கிறதற்கில்லை. சில குளங்களில் முதலையும் உண்டு, கரையில் கால் கழுவவும் ஊராரைக் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்லுத் தண்ணீர், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். ஊர்களில் சுத்திகரித்த தண்ணீர் விற்கும் இடங்கள் உண்டு, அங்கே நிரப்புங்கள். ஆளுக்கு நாலு லீற்றருக்குக் குறையாமல் சைக்கிளில் இருக்கட்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் ஜீவனிப் பக்கெற் நாலைந்து, தேசிக்காய், கொஞ்சம் பனங்கட்டி. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வாங்குகிற வறுத்த கச்சானைவிடச் சிறந்த வழிச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. கெடாது, பசி தாங்கும்.

சைக்கிள்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டும் என்று நினைப்பது தவறு. மல்லாவியிலோ நெடுங்கேணியிலோ உள்ள சைக்கிள் கடையில் 26, 28 அங்குல ரியூப் இருக்கும். ஒல்லி வால்வு வைத்த வெளிநாட்டு ரியூப் இருக்காது. அப்படிப்பட்ட சைக்கிள் என்றால் இரண்டு ரியூப் கூடவே வர வேண்டும். யார் என்றாலும் ஒட்டுப் போடத் தெரிந்திருக்க வேண்டும். நெருஞ்சியும் உடை முள்ளும் ரயரைத் தேடி வரும். ஒட்டுப் போடுமுன் ரயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடி எடுங்கள். முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டு, அரை மணி நேரத்தில் அதே இடத்தில் இன்னொரு ஓட்டை போட்டவன் நான்.

பாரத்தை முதுகில் சுமக்காதீர்கள். பின் கரியரில், இரண்டு பக்கமும் சமமாக, எவ்வளவு பதிவாக முடியுமோ அவ்வளவு பதிவாக. கட்டுவதற்குக் கயிற்றைவிடப் பழைய ரியூப்பை நீளமாக வெட்டிய வார் நல்லது. காட்டு விறகை ஆளுயரத்துக்கு அடுக்கி ஏ9 வீதியால் உருட்டிக்கொண்டு வருகிற ஐயாமார் அதைத்தான் பாவிக்கிறார்கள். கிறவலில் குலுங்கினாலும் இழுபட்டுத் திரும்ப இறுகும். வீட்டில் முழுப் பாரத்தையும் கட்டி ஒரு நாள் 30 கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். எந்த ஆணி கழருது, எந்தப் பை சில்லில் முட்டுது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரவுக்கு ஒன்று. வெறும் பாயில் தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் நோ தெரியாமலே போகலாம். அடியோடு தைத்து, சிப்பை முழுதாக இழுத்து மூடுகிற கூடாரமோ வலையோ வேண்டும். சப்பாத்தை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், எழும்பினால் ரோர்ச் அடித்துவிட்டுக் காலை வையுங்கள். கடி என்று சந்தேகம் வந்தாலே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். வவுனியா, கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு மாஞ்சோலை ஆகிய இடங்களில் மாவட்ட வைத்தியசாலைகள் இருக்கின்றன. அடுத்த நாள் போகிற வழியில் எது கிட்ட என்று முதல் நாள் இரவே பார்த்து வையுங்கள்.

காட்டு வீதிகளில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்தாலும், ஒரு கடதாசியில் ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடத்தின் பெயர், அங்கே பேசி வைத்தவரின் இலக்கம், எத்தனை மணிக்குள் சேர்வோம் என்று எழுதி வீட்டில் ஒன்று கொடுங்கள். இன்னொன்றை ரியூப் பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றி வையுங்கள்.