வெளிநாட்டுல நல்ல ஸ்பெஷாலிட்டி காபி கடையைத் தேடிப் பிடிக்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வெளிநாட்டுக்குப் போற இடத்துல நல்ல காபி கிடைக்கிறது அதிர்ஷ்டம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படியெல்லாம் இல்லங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்து தேடினா போதும், போய் இறங்கின மறுநாள் காலையிலயே அருமையான ஒரு கப் கையில இருக்கும். நான் யார் கேட்டாலும் சொல்றது இதுதான்: நீளமா லிஸ்ட் போட்டு ஊர் முழுக்க அலையாதீங்க, ஒரே ஒரு கடையை மட்டும் சரியா கண்டுபிடிங்க, மீதி கடைங்க எங்க இருக்குன்னு அங்க காபி போடுறவங்களே சொல்லிடுவாங்க.

தேடுறதுக்கு முன்னாடி எதைத் தேடுறோம்னு தெரியணும் இல்லையா. காபியை ருசி பாத்து 100க்கு மார்க் போடுற முறை ஒண்ணு இருக்கு, அதுல 80ம் அதுக்கு மேலயும் வாங்கின, குறை இல்லாத கொட்டையைத்தான் ரொம்ப காலமா ஸ்பெஷாலிட்டின்னு சொல்லிட்டு வர்றாங்க. 1974லயே எர்னா நட்சன்னு ஒரு பெண் காபி வியாபாரி அந்தப் பேரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. ஆனா எந்தக் கடையும் மார்க் ஷீட்டை சுவத்துல ஒட்டி வைக்காது, அதனால நாம பாக்க வேண்டியது நாலு விஷயம்: கொட்டை எந்த நாட்டுது, எந்த ஏரியா அல்லது பண்ணை, பழத்துல இருந்து கொட்டையை எப்படிப் பிரிச்சுக் காய வச்சாங்க, என்னைக்கு வறுத்தாங்க. இந்த நாலுக்கும் தயங்காம பதில் சொல்ற கடைதான் நம்ம கடை.

ஸ்டெப் 1: மேப்ல சரியான வார்த்தையைப் போட்டுத் தேடுங்க

கூகுள் மேப்ஸ்ல வெறும் காபின்னு போட்டா பெட்ரோல் பங்க் மெஷின்ல இருந்து எல்லாம் வரும். அதுக்குப் பதிலா ஸ்பெஷாலிட்டி காபி, காபி ரோஸ்டர் (கொட்டையை வறுத்து விக்கிறவங்க), போர் ஓவர் (வடிதாள்ல பொடியைப் போட்டு கையால வெந்நீர் ஊத்தி இறக்குற காபி), வி60 (அதுக்கான கூம்பு வடிவ வடிகட்டி) இந்த மாதிரி போட்டுப் பாருங்க, வி60ன்னு ரிவ்யூல யாராவது எழுதியிருந்தா அந்தக் கடையும் மேல வரும். உள்ளூர் மொழியிலயும் ஒரு தடவை தேடுங்க, ஸ்பெயின்ல கஃபே தே எஸ்பெசியாலிதாத், ஜப்பான்ல ஜிகா பைசென், அதாவது கடையிலயே வறுக்கிறவங்க, ஜெர்மனில ரோஸ்டெரை. ட்ரான்ஸ்லேட் ஆப்ல போட்டு அந்த ஊர் எழுத்துலயே காப்பி பண்ணி தேடல் பெட்டியில போட்டா டூரிஸ்ட் கண்ணுல படாத சின்னக் கடைங்க எல்லாம் வெளிய வரும்.

ரெண்டு எச்சரிக்கை. நெதர்லாந்துல போர்டுல காஃபிஷாப்னு இருந்தா அது கஞ்சா விக்கிற இடம், காபிக்கு எஸ்பிரெசோ பார்னோ காபி பார்னோ தேடுங்க. ஸ்பெயின்ல பாக்கெட்டுல டோரெஃபாக்டோன்னு இருந்தா சர்க்கரை சேத்து வறுத்த கொட்டைன்னு அர்த்தம், கருப்பா கசப்பா இருக்கும், நாம தேடுறது அது இல்ல.

ஸ்டாரை நம்பாதீங்க. 4.8 ஸ்டார் கேக்குக்காகவும் இருக்கலாம், ஜன்னல் வழியா தெரியுற ஆத்துக்காகவும் இருக்கலாம். ரிவ்யூவைத் திறந்து அதுக்குள்ளயே எஸ்பிரெசோ, எத்தியோப்பியா, ரோஸ்ட்னு தேடிப் பாருங்க, கொட்டையைப் பத்தி ஒருத்தராவது பேசியிருந்தா அடுத்த ஸ்டெப்புக்குப் போலாம்.

ஸ்டெப் 2: போட்டோவைப் பெருசு பண்ணிப் பாருங்க

என்னைக் கேட்டா எல்லா ஸ்டெப்லயும் முக்கியமானது இதுதான், இங்க கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. கடைக்காரங்க போட்ட படத்தை விட்டுட்டு வாடிக்கையாளருங்க சமீபத்துல எடுத்த படங்களைத் திறங்க.

முதல்ல அலமாரி. விக்கிறதுக்கு வச்சிருக்கிற பாக்கெட்டை ஜூம் பண்ணுங்க. எத்தியோப்பியா குஜி, கென்யா நியேரி, கொலம்பியா வீலா மாதிரி நாடும் ஏரியாவும் போட்டிருக்கா, வாஷ்டு (பழத்தை நீக்கிக் கழுவிக் காய வச்சது), நேச்சுரல்னு (பழத்தோடவே காய வச்சது) பதப்படுத்தின விதம் போட்டிருக்கா, வறுத்த தேதி இருக்கா? எக்ஸ்பைரி தேதி மட்டும் போட்டு வறுத்த தேதி இல்லாத பாக்கெட்னா எனக்கு அந்தக் கடை மேல ஆர்வம் பாதியா குறைஞ்சிடும்.

அப்புறம் க்ரைண்டருக்கு மேல இருக்கிற கண்ணாடிக் கூம்பு. அதுல இருக்கிற கொட்டை பழுப்பு நிறத்துல, எண்ணெய் பளபளப்பு இல்லாம இருந்தா நல்லது, கன்னங்கரேல்னு எண்ணெய் வடியுற மாதிரி இருந்தா ரொம்ப ஆழமா வறுத்திருக்காங்க, அந்த நிலத்தோட ருசி எதுவும் அதுல மிஞ்சாது. எஸ்பிரெசோவுக்கு ஒரு க்ரைண்டர், ஃபில்டருக்குத் (நம்ம ஊர் டிகாஷன் காபி இல்ல, வடிதாள் வழியா இறக்குற காபி) தனியா ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா ரெண்டையும் சீரியஸா எடுத்துக்கிறாங்கன்னு அர்த்தம். மால்கோனிக் ஈகே43ங்கிற பெரிய க்ரைண்டரைப் படத்துல அடையாளம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, இந்த மாதிரி கடைங்கள்ல அடிக்கடி கண்ணுல படும். மெஷினைப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க, லா மார்சோக்கோ மாதிரி விலை உசந்த எஸ்பிரெசோ மெஷின் வாங்க காசு இருந்தா போதும், நல்ல காபி போட அது போதாது. பால் நுரையில படம் வரையிற லாட்டே ஆர்ட்டும் அப்படித்தான், பால் நுரைக்கத் தெரியும்னு மட்டும்தான் அது சொல்லும்.

கடைசியா மெனு போர்டு. எஸ்பிரெசோ, அதுல பால் சேத்த கோர்டாடோ, ஃப்ளாட் ஒயிட், அப்புறம் ஃபில்டர்னு சின்னதா இருந்தா சந்தோஷப்படுங்க. கேரமல், ஹேசல்நட்னு சிரப் பேரு வரிசையா போய்ட்டே இருந்து கொட்டையோட பேரு எங்கயுமே இல்லன்னா அதை லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்.

ஸ்டெப் 3: ரோஸ்டரைப் பிடிச்சுட்டுப் போங்க

பாக்கெட்ல ஒரு ரோஸ்டர் பேரு பாத்தீங்கல்ல, அந்தப் பேரையே மேப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் தேடுங்க. அதே கொட்டையை வாங்கிப் போடுற வேற கடைங்களும் வரும், ரோஸ்டரோட சொந்தக் கடை இருந்தா அதுவும் வரும். இன்னொரு வழி போட்டிகள். கடையில காபி போடுறவங்களை பாரிஸ்டான்னு சொல்வாங்க, அவங்களுக்கான உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப் 2000ல இருந்து நடக்குது, அதுக்கு ஆள் அனுப்புற நாடுங்க தேசிய அளவுலயும் போட்டி வைக்கிறாங்க, நீங்க போற நாட்டுல சமீபத்துல ஜெயிச்சவங்க எங்க வேலை பாக்கிறாங்கன்னு தேடினா நேரா நல்ல கடையில போய் நிக்கும். 2004ல ஜெயிச்ச டிம் வெண்டல்போ ஆஸ்லோவுல தன் பேர்லயே கடை வச்சிருக்காரு, 2015ல ஜெயிச்ச சாஷா செஸ்டிக்கோட ஓனா காபி கான்பெராவுல ஆரம்பிச்சது. ஐரோப்பாவுக்குப் போறீங்கன்னா யூரோப்பியன் காபி ட்ரிப்னு ஒரு ஆப் இருக்கு, ஸ்பெஷாலிட்டி கடைங்களை மட்டும் ஊர் வாரியா காட்டும், தேடுற வேலை பாதி குறையும்.

ஸ்டெப் 4: நேரம் பாத்து சேவ் பண்ணுங்க

தங்குற இடத்துல இருந்து நடக்கிற தூரத்துல ரெண்டு மூணு கடையை மேப்ல சேவ் பண்ணி, மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க. திறந்திருக்கிற நேரத்தை அவசியம் பாருங்க, சாயந்திரம் போய்க்கலாம்னு விட்டா ஆஸ்திரேலியா மாதிரி இடங்கள்ல மதியம் மூணு நாலு மணிக்கே நிறைய கடை மூடிடுவாங்க, வாரத்துல ஒரு நாள் லீவு விடுற சின்னக் கடைங்களும் உண்டு. காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போனா பாரிஸ்டாவுக்குப் பேச நேரம் இருக்கும், அது நமக்கு ரொம்ப முக்கியம், ஏன்னு ஆறாவது ஸ்டெப்ல சொல்றேன்.

ஸ்டெப் 5: கவுண்டர்ல என்ன கேக்கணும்

மெனுவைப் பாத்து பயப்படாதீங்க. "இன்னைக்கு ஃபில்டர்ல என்ன கொட்டை போட்டிருக்கீங்க?"ன்னு கேளுங்க, அவ்வளவுதான், ஆர்வமா சொல்ல ஆரம்பிச்சா சரியான இடத்துக்கு வந்துட்டீங்க. முதல் தடவைன்னா பேட்ச் ப்ரூ வாங்குங்க, மொத்தமா போட்டு வச்சிருக்கிற ஃபில்டர் காபிதான் அது, விலையும் கம்மி, உடனே கிடைக்கும், அதையே அக்கறையா போடுற கடைன்னா மத்ததும் நல்லாத்தான் இருக்கும். போர் ஓவர் கேட்டா நமக்குன்னு தனியா அரைச்சு கையால ஊத்துவாங்க, ஊத்துறதுக்கு மட்டுமே மூணு நாலு நிமிஷம் ஆகும், அவசரம் இல்லாதப்ப வாங்குங்க. பால் சேத்துக் குடிக்கிறவங்க ஃப்ளாட் ஒயிட் வாங்கலாம், பாலை 60 டிகிரி ஒட்டித்தான் சூடு பண்ணுவாங்க, அதுக்கு மேல போகப் போக பாலோட இனிப்பு கெட்டுடும், அதனால நாக்கு சுடலையேன்னு திருப்பிக் கொடுக்காதீங்க.

புளிப்பு ஒத்துக்காதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, பிரேசில் கொட்டை இருந்தா அதைக் கொடுப்பாங்க, அதுல பருப்பு, சாக்லேட் வாசனைதான் தூக்கலா இருக்கும். வாஷ்டு எத்தியோப்பியால எலுமிச்சையும் மல்லிகையும் மாதிரி வரும், நேச்சுரல்ல பெர்ரிப் பழ வாசனை வரும். சர்க்கரை போடாம முதல் வாய் குடிங்க, அப்படியே கொஞ்சம் ஆற விடுங்க. நல்ல காபி ஆற ஆற இனிக்கும், புளிப்பும் பழத்துல இருக்கிற மாதிரி இனிப்போட சேந்து வரும். ஆறினதும் பல்லு கூசுற மாதிரி வெறும் புளிப்பா நின்னா சாறு சரியா இறங்கலன்னு அர்த்தம், அது உங்க நாக்கோட தப்பு இல்ல.

ஸ்டெப் 6: பாரிஸ்டாகிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க

குடிச்சு முடிச்சு, பிடிச்சிருந்தா அதை அவங்ககிட்ட சொல்லிட்டு, "லீவு நாள்ல நீங்க காபி குடிக்க எங்க போவீங்க?"ன்னு கேளுங்க. பக்கத்துல நல்ல கடை எதுன்னு கேட்டா பிரபலமான பேரைச் சொல்லி அனுப்பிடுவாங்க, லீவு நாளைக் கேட்டா நெசமாவே தனக்குப் பிடிச்சதை யோசிச்சு சொல்லுவாங்க. ஒரு ஊர்ல இந்தத் தொழில்ல இருக்கிறவங்க பெரும்பாலும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருப்பாங்க, போட்டிக்காரங்களா இருந்தாலும் மனசாரப் பாராட்டுவாங்க, இந்தத் தொழில்ல எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான். மேப்பைத் திறந்து போனை அவங்க கையிலயே கொடுத்தா கடையைத் தேடி சேவ் பண்ணிக் கொடுத்துடுவாங்க, மொழி தெரியாத ஊர்லயும் இது வேலை செய்யும். அங்க போய் குடிச்சுட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்க.

ஸ்டெப் 7: கொட்டை வாங்கிட்டு வர்றதுன்னா

கிளம்புற அன்னைக்கோ அதுக்கு முந்தின நாளோ வாங்குங்க. அரைச்சுத் தர்றோம்னு சொன்னாலும், வீட்ல க்ரைண்டர் இருந்தா முழுக் கொட்டையாவே வாங்குங்க, அரைச்சது சீக்கிரம் வாசனை விட்டுடும். லேசா வறுத்த கொட்டைன்னா வறுத்து ஒண்ணு ரெண்டு வாரம் ஆனப்புறம்தான் ருசி நல்லா திறக்கும், அதனால நேத்து வறுத்ததை வாங்கினா ஊருக்கு வந்த உடனே பிரிக்காதீங்க, எப்ப பிரிக்கலாம்னு கடையிலயே கேட்டு அந்தத் தேதியைப் பாக்கெட் மேல எழுதி வாங்கிக்கோங்க.