‘ஸேலிக்’ என்னும் ஜேர்மன் அடைமொழியின் வேரைத் தேடும் முறை

அந்தியேட்டிக் கல்வெட்டு என்னும் நினைவுமலருக்காகச் சுவிற்சர்லாந்தில் காலமான உறவினர் ஒருவரின் பத்திரங்களைத் திரட்டும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், அவருடைய பெயரின் பின்னால் ‘ஸெல்.’ என்ற சுருக்கத்தைக் காணக்கூடும். அது ‘ஸேலிக்’ என்பதன் சுருக்கம். நமது மரண அறிவித்தல்களில் ‘அமரர்’ செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. இதே சொல்லின் ஆங்கில உறவு எதுவென்று தேடினால் ‘அறிவற்ற’ என்று பொருள்படும் ‘சில்லி’ கிடைக்கும். இவ்விரண்டும் ஒரு வேரிலிருந்து வந்தவை என்பதை நாமே சரிபார்த்துக்கொள்ள வழி உண்டு.

முதலில் இன்றைய வடிவங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஜேர்மன் மொழிக்கு 1883இல் முதலில் வெளிவந்த குளூகெயின் சொற்பிறப்பு அகராதி நல்ல தொடக்கம். பழைய உயர் ஜேர்மனில் ‘ஸாலிக்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடைப்பட்ட நெட்டுயிருடன் ‘யெஸேலி’, நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா இவ்விரண்டுக்கும் உறவான, இன்று வழக்கொழிந்த கொதிக் மொழியில் பெயர்த்த விவிலியத்தில் நல்லவர் என்ற பொருளில் ‘ஸேல்ஸ்’ என்று வரும்.

அடுத்ததே முக்கியமான படி. ஓசை ஒத்திருப்பது போதாது. வேறுபாடு ஒழுங்காக அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உறங்குதலைக் குறிக்கும் சொல் கொதிக்கில் ‘ஸ்லேபன்’ என்று ‘ஏ’வையும், ஜேர்மனில் ‘ஷ்லாஃபன்’ என்று ‘ஆ’வையும் கொண்டிருக்க, பழைய ஆங்கிலத்தில் அதே இடைப்பட்ட நெட்டுயிர் நிற்கிறது. நம்முடைய சொல்லிலும் அதே மூன்று உயிர்கள் அதே மூன்று மொழிகளில் நிற்பதால்தான் உறவு உறுதியாகிறது. ஜேர்மன் ‘ஆ’ பின்னர் ‘ஏ’ ஆனது, அடுத்து வந்த ‘இ’யின் ஈர்ப்பினால்.

இந்தச் சோதனையைச் செய்யாதவர்கள், ஆன்மாவைக் குறிக்கும் ‘ஸேலெ’ என்ற ஜேர்மன் சொல்லிலிருந்து ‘ஸேலிக்’ பிறந்தது என்று நம்பிவிடுகிறார்கள். மறைந்தவரைக் குறிக்கும் சொல் ஆன்மாவிலிருந்து வருவது இயல்பாகத் தோன்றுவதால் ஜேர்மானியர்களே நெடுங்காலம் அப்படி எண்ணினர். ஆனால் கொதிக்கில் ஆன்மா ‘ஸைவலா’. ‘ஸேல்ஸ்’ என்பதோடு அது எவ்வகையிலும் பொருந்தாது. ‘துன்பம் நிறைந்த’ என்னும் ‘மூஸேலிக்’ போன்ற சொற்களின் ஈறும் வேறானது. அது ‘மூஸால்’ என்ற பெயர்ச்சொல்லோடு ‘இக்’ சேர்ந்து வந்தது.

பொருளையும் ஒவ்வொரு படியாகவே தொடர வேண்டும். நற்பேறு பெற்றவர் என்பதே பழைய பொருள். ஜேர்மன், டேனிஷ், சுவீடிஷ் ஆகியவற்றில் அது இறையருள் பெற்றவர் என்றாகி, மறைந்தவர்மேல் நின்றது. டச்சு மொழியில் ‘ஸாலிக்’ இன்பமானது, சுவையானது என்ற பொருள்களையும் ஏற்றது. ஐஸ்லாந்தில் இதன் உறவுச்சொல் இன்றும் அன்றாட வணக்கமாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் மட்டும் அருள்பெற்றவர் களங்கமற்றவராகி, களங்கமற்றவர் இரக்கத்துக்குரியவராகி, பின் வலுவற்றவராகி, பதினாறாம் நூற்றாண்டில் அறிவற்றவர் என்ற இடத்துக்கு வந்தது. இந்தப் படிகளில் ஒன்றை விட்டாலும் இரு முனைகளும் பகைச்சொற்களாகவே தோன்றும்.

மொழிபெயர்க்கும்போது இடத்தைப் பார்த்தே சொல்லைத் தெரிவு செய்ய வேண்டும். பெயரோடு ஒட்டி வந்தால் ‘அமரர்’ என்று எழுதலாம். திருச்சபைப் பத்திரமானால் ‘ஸேலிக்’ என்பது புனிதர் நிலைக்கு முந்திய அருளாளர் நிலையைக் குறிக்கும். சில்லாலையில் தங்கிப் பணியாற்றிய யோசேப் வாஸ் அடிகளாருக்கு 1995இல் கொழும்பில் வழங்கப்பட்டது அந்த நிலை. 2015இல் அவர் பெற்ற புனிதர் நிலைக்கு ஜேர்மனில் ‘ஹைலிக்’ என்ற வேறு சொல் உண்டு, அதன் வேரும் வேறு.