சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

மகள் சிங்கப்பூரில் இருப்பதால் இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். சென்னையிலிருந்து வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். பேரனின் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தே கிட்டத்தட்ட அளந்துவிடலாம். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள், ஏமாற்றும். ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவதற்கு அரை மணி சேருங்கள். நான்கு.

டிக்கெட்டில்தான் குழப்பம். இரவு 11.30க்குக் கிளம்பி காலை 6.00க்கு இறங்கும் என்று இருந்தால், அது ஆறரை மணி நேரம் அல்ல. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதைக் கழியுங்கள். திரும்பும்போது கூட்டுங்கள். முதல் தடவை இது தெரியாமல், ஆறரை மணி நேரத்துக்கென்று பன்னிரண்டு இட்லி கட்டிக்கொண்டு போனேன்!