வக்கீலாக வாழ்ந்த ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதுவது எப்படி

வீட்டில் ஒரு வக்கீல் இறந்துபோயிருக்கிறார். அப்பாவோ, மாமனாரோ, பெரியப்பாவோ. நினைவுக் கூட்டத்தில் பேசவும், ஒரு சின்ன மலரில் போடவும் நாலு பக்கம் எழுதிக் கொடு என்று உங்களிடம் சொல்லிவிட்டார்கள். என் அப்பா இறந்தபோது அந்த வேலை என்னிடம் வந்தது. முதல் இரவு உட்கார்ந்து எழுதினேன்: இந்த வருடம் வக்கீலாகப் பதிவு செய்தார், இந்தச் சங்கத்தில் செயலாளர், நேர்மையானவர், எளிமையானவர், குடும்பத்தின் மேல் உயிராக இருந்தார். அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இதை யார் பேரைப் போட்டாலும் பொருந்துமே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் செய்தவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன் ஒரு அவசர வேலை இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்குகள். அவர் இறந்துவிட்டார் என்பதற்காகக் காலக்கெடு நின்றுவிடாது. ஜூனியரையும் குமாஸ்தாவையும் உட்கார வைத்து, அடுத்த சில வாரங்களில் வாய்தா இருக்கிற வழக்குகள், மேல்முறையீட்டுக்குக் கெடு நெருங்குகிற வழக்குகள் எல்லாவற்றையும் பட்டியல் எடுத்து, கட்சிக்காரர்களுக்குத் தகவல் சொல்லச் சொல்லுங்கள். வழக்குக் கட்டுகளை நீங்கள் பிரித்துப் படிக்க வேண்டாம். அவை கட்சிக்காரர்களுடையவை, அவர்களிடமோ அவர்கள் சொல்கிற வக்கீலிடமோ போக வேண்டியவை. ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவை நம்பி வந்தவர்களை நடுவில் விட்டுவிட்டு அவருக்கு அஞ்சலி எழுதுவதில் அர்த்தம் இல்லை.

சரி, இப்போது எழுத்து. வக்கீலைப் பற்றி எழுதுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர் செய்த நல்ல வேலையில் பாதிக்குப் பதிவே இருக்காது. தீர்ப்பு நகல் கிடைக்கும், ஆனால் கோர்ட்டுக்கே போகாமல் பேசி முடித்த தகராறுக்கு நகல் கிடையாது, வாங்காத ஃபீஸுக்கு ரசீது கிடையாது. காந்தி 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனது தாதா அப்துல்லாவின் வழக்குக்காக. எதிராளி தயப் சேட்டும் அவருடைய உறவினர்தான். காந்தி இருவரையும் நடுவர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வைத்தார். தாதா அப்துல்லா ஜெயித்தார். ஆனால் தோற்றவர் சுமார் 37,000 பவுண்டையும் செலவுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டினால் திவாலாகிவிடுவார். அதனால் காந்தி, ஜெயித்த தன் கட்சிக்காரரிடமே மன்றாடி, நீண்ட தவணைக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்ததைவிட இதுதான் கடினமாக இருந்தது என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார். "காந்தி சமரசத்தை விரும்பிய வக்கீல்" என்று எழுதினால் ஒரு வரி. அந்தத் தவணையைச் சொன்னால் ஆள் கண்முன் நிற்கிறார். உங்கள் வீட்டு வக்கீலுக்கும் அப்படி ஒரு தவணை எங்கேயோ இருக்கும், அதைத்தான் தேட வேண்டும்.

தேடலை குமாஸ்தாவிடமிருந்து ஆரம்பியுங்கள். குடும்பத்துக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்: யார் பணமில்லாமல் வந்தார்கள், யாரை அவர் திருப்பி அனுப்பினார், எந்த வழக்கு தோற்ற அன்று சாப்பிடாமல் இருந்தார். அடுத்து ஜூனியர்கள். அப்புறம், நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது, எதிர்த்தரப்பில் நின்ற வக்கீல்களைப் போய்ப் பாருங்கள். எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. போனேன். அப்பாவோடு எத்தனையோ வழக்குகளில் மோதிய ஒருவர் சொன்னார்: "நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று என் வழக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்க அப்பா நினைத்திருந்தால், எங்கள் தரப்பு வரவில்லை என்று சொல்லி எங்களுக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி உத்தரவு வாங்கியிருக்கலாம். அவரே எழுந்து எனக்காக வாய்தா கேட்டிருக்கார். அதை அவர் என்னிடம் சொல்லக்கூட இல்லை, பெஞ்ச் கிளார்க் சொல்லித்தான் தெரியும்." எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தங்கமான மனுஷர்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் உங்களை எதற்காகக் கடிந்துகொண்டார், ஃபீஸ் பற்றிப் பேசும்போது எப்படிப் பேசுவார், வழக்கு தோற்றால் கட்சிக்காரரிடம் எப்படிச் சொல்வார், எதைச் செய்ய மறுத்தார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் அதிகம் கொடுக்கும். அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அவர்களுடைய பேச்சு நடை போய்விடும்.

பொதுச்சேவையை எழுதும்போது பதவிப் பட்டியலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்பா சனிக்கிழமை மாலைகளில் 2 மணி நேரம் யார் வந்தாலும் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வார். வருடத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 96 மணி நேரம், 30 வருடத்தில் 2,880 மணி நேரம். அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதி, வசதியில்லாதவர்களுக்காக வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரமாவது ஒரு வக்கீல் உழைக்க முயல வேண்டும் என்கிறது. அதை வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே அந்தச் சனிக்கிழமைகள் எவ்வளவு பெரியவை என்று புரிந்தது. அதே சனிக்கிழமைகளில் நாங்கள் அவர் இல்லாமல் வெளியே போனோம் என்பதும் சேர்த்துத்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியம் ஒருவர் இறந்ததும் வெளியே வந்துவிடக்கூடிய பொருள் அல்ல. 1998-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி போனது. 1993-ல் இறந்த ஒருவர், இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு வக்கீலிடம் பேசியதை வக்கீல் குறித்து வைத்திருந்தார், விசாரணைக்கு அந்தக் குறிப்பு வேண்டும் என்றார்கள். கட்சிக்காரர் இறந்த பிறகும் ரகசியம் ரகசியம்தான் என்று 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அங்கே இறந்தது கட்சிக்காரர், நம் வீட்டில் இறந்தது வக்கீல், ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். அப்பா சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிச் சொன்னது, குமாஸ்தா உருகிச் சொன்னது எதுவுமே நம்முடையது இல்லை. திறந்த நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். அப்போதும் சம்பந்தப்பட்டவரைக் கேட்டுவிடுங்கள். விவாகரத்து, குழந்தைகள், குற்ற வழக்கு என்றால் பெயரை எடுத்துவிட்டாலும் போதாது, தெரிந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வழி என்னவென்றால், அந்தக் கட்சிக்காரரையே பேசச் சொல்வது. நான் மூன்று பேரைக் கேட்டேன். இரண்டு பேர் தங்கள் கதையைத் தாங்களே கூட்டத்தில் சொல்கிறோம் என்றார்கள். ஒரு அம்மா வேண்டாம் என்றார். எனக்குத் தெரிந்ததிலேயே அப்பாவைப் பற்றிய மிக நல்ல கதை அதுதான். எழுதவில்லை. அப்பா இருந்திருந்தால் எழுத விட்டிருக்க மாட்டார்.

குடும்பம் என்ற பகுதியைக் கடைசியில் ஒரு பத்தியாக ஒட்டாதீர்கள். வக்கீல் வேலை வீட்டுக்குள் எப்போதும் வந்து போய்க்கொண்டிருக்கும், வீடும் கோர்ட்டுக்குள் போகும். இரண்டும் சந்திக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க அவருடைய டைரியைப் புரட்டுங்கள், கட்சிக்காரர்களைப் பற்றிய குறிப்புகளைப் படிக்காமல் தாண்டிவிட்டு ஓரங்களை மட்டும். அப்பாவின் டைரியில் இரண்டு வழக்கு எண்களுக்கு நடுவே "பாப்பா, டான்ஸ், 5.30" என்று இருந்தது, பக்கத்தில் வழக்கு எண்ணுக்குப் போடுவது போலவே ஒரு சிவப்புக் கோடு. தங்கை அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அச்சடித்த விதிகளைக்கூட அவர் முழுசாகப் படிப்பார், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்பார். இப்படிப்பட்டவை போதும், "பாசமான தந்தை" என்று தனியாக எழுதத் தேவையில்லை.

குறைகளை மறைக்க வேண்டாம். இரவு சாப்பாட்டில் போன் வந்தால் எழுந்து போய்விடுவார், திரும்பி வரும்போது நாங்கள் தூங்கியிருப்போம். அம்மாவிடம் இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. நான் எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன்னும் எழுது" என்றார். வாழ்ந்து முடித்தவரைக் குறையே இல்லாதவராக எழுதினால், அவரோடு கூட வாழ்ந்தவர்கள் பட்டதெல்லாம் காணாமல் போய்விடும். ஆனால் குடும்பத்துக்குள் இன்னும் ஆறாத புண் இருந்தால் மேடை அதற்கான இடம் இல்லை.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த தேதியில் ஆரம்பிக்காமல் அவருடைய ஒரு சாதாரண நாளில் ஆரம்பியுங்கள். தேதிகள், படிப்பு, பதவிகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போகட்டும். மேடைக்கு 5 நிமிடம் என்றால் 400 சொற்களுக்கு மேல் வேண்டாம், தொண்டை அடைக்கும்போது நிறுத்துவதற்கும் நேரம் வேண்டும். கடிகாரம் வைத்து இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பதிவு செய்த வருடத்தைச் சான்றிதழைப் பார்த்தே எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். "தோற்றதே இல்லை", "முதன்முதலில் இவர்தான்" போன்ற வரிகளை எடுத்துவிடுங்கள். கூட்டத்தில் வக்கீல்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும். முடித்ததும் ஒரு முறை குமாஸ்தாவிடம் படிக்கக் கொடுங்கள். எங்கள் குமாஸ்தா மூன்று இடத்தில் திருத்தினார், மூன்றும் சரி.

கூட்டத்தன்று வாசலில் யாரையாவது ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார வையுங்கள். நீங்கள் பேசி முடித்த பிறகுதான் ஆட்கள் வந்து, "இன்னொன்று தெரியுமா" என்று ஆரம்பிப்பார்கள். அன்று எங்களுக்கு அப்படிப் பதினோரு பக்கம் சேர்ந்தது. மலரை அதற்கு அப்புறம்தான் அச்சுக்குக் கொடுத்தோம்.