பிட்டுகளைக் கைப்பிடிக்குள்ளேயே வைக்கும் திருப்புளி: முதல்முறை வடிவமைப்பவர்களுக்கான செய்முறை

மாற்றுமுனைத் திருப்புளி வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். திருப்புளி கையில் இருக்கும், வேண்டிய பிட் (மாற்றி மாட்டும் முனை) மட்டும் இருக்காது. பிட்டுகளுக்கென்று தனி டப்பா கொடுத்தாலும், வேலை நடக்கும் இடத்துக்கு டப்பா வருவதில்லை. அதனால் கருவியின் உடம்புக்குள்ளேயே பிட்டுகளுக்கு இடம் ஒதுக்குவதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது பழைய யோசனைதான். அமெரிக்காவில் 'யாங்கி' என்ற பெயரில் விற்ற, தள்ளித் தள்ளித் துளை போடும் கைக்கருவி தன் துளைமுனைகளைக் கைப்பிடிக்குள்ளேயே வைத்திருந்தது. பிளேடு கத்திகள் பலவற்றில் உதிரி பிளேடுகள் உடலுக்குள் இருக்கும்.

இந்தப் பதிவில் ஆறு பிட்டுகளை வைத்திருக்கும் ஒரு திருப்புளிக் கைப்பிடியை முதல் அளவிலிருந்து கடைசிச் சோதனை வரை வடிவமைக்கப் போகிறோம். 3டி பிரிண்டரில் செய்வதாக வைத்துக்கொண்டு அளவுகள் தருகிறேன். மரத்தில் கடைபவர்களுக்கு வேண்டிய மாற்றத்தை இடையில் சொல்கிறேன்.

படி 1: எதை வைக்கப் போகிறோம்?

வரைபடத்தைத் திறக்கும் முன் பட்டியல் போடுங்கள். நீங்கள் அடிக்கடி கழற்றும் ஸ்க்ரூக்கள் எவை? பெரும்பாலானவர்களுக்கு பி.எச்.1, பி.எச்.2 (பிலிப்ஸ் என்ற கூட்டல்குறி முனையின் இரண்டு அளவுகள்), ஒரு பட்டை முனை, ஒரு ஆலன் (அறுகோண முனை), இரண்டு டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவம்) போதும். இருபது பிட் வைக்க ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால் கைப்பிடி தடித்துவிடும், பிடித்து முறுக்க முடியாது. கருவியின் முதல் வேலை ஸ்க்ரூவை முறுக்குவது. சேமிப்பு அதற்கு அடுத்ததுதான்.

அப்புறம் ஒரு கணக்கு. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். ஆறு துளைகள் இருந்தால் மொத்தம் ஆறு பிட்டுகள்தான் இருக்க வேண்டும், மூக்கில், அதாவது பிட்டை மாட்டும் முன்முனையில், மாட்டியிருப்பதையும் சேர்த்து. 'துளையில் ஆறு, மூக்கில் ஒன்று, ஆக ஏழு' என்று கணக்குப் போட்டால் என்ன ஆகும்? பிட் மாற்றும்போது கழற்றியதை வைக்க இடம் இருக்காது. புதியதை முதலில் எடுத்து எங்காவது வைக்க வேண்டும், அங்கேதான் பிட் தொலைகிறது. ஒரு துளை எப்போதும் காலியாக இருக்கட்டும். கழற்றியது நேராக அங்கே போகும், அடுத்தது வெளியே வரும். எடுக்கும் வழியைவிடத் திருப்பி வைக்கும் வழியைத்தான் நாம் கவனித்து வடிவமைக்க வேண்டும்.

படி 2: அளவெடுங்கள்

சாதாரண சிறிய பிட்டின் அடிப்பகுதி அறுகோணம். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. நீளம் 25 மி.மீ. இந்த அறுகோண அளவு ஐஎஸ்ஓ 1173 என்ற உலகத் தரத்தில் வருவதால் எந்த நிறுவனத்தின் பிட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இருந்தாலும் வெர்னியர் காலிப்பரை எடுத்து உங்கள் கையில் இருப்பதை அளந்துவிடுங்கள்.

வட்டத் துளையில் வைப்பதால் நமக்கு வேண்டியது மூலைக்கு மூலை அளவு. 6.35-ஐ 0.866-ஆல் வகுத்தால் 7.33 மி.மீ. பிரிண்டரில் துளைகள் வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாகத்தான் வரும். அதனால் 7.6 மி.மீ. என்று வையுங்கள்.

படி 3: ஆறு துளைகளை அடுக்குவது

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒழுங்கான அறுகோணத்தின் பக்க நீளமும் அதன் மையத்திலிருந்து மூலை வரையான தூரமும் சமம். ஆகவே ஆறு துளைகளை ஒரு வட்டத்தில் சம இடைவெளியில் வைத்தால், பக்கத்துத் துளைக்கு எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் மையத்துக்கும்.

துளை 7.6 மி.மீ., இரண்டு துளைகளுக்கு நடுவே சுவர் 1.8 மி.மீ. கூட்டினால் 9.4 மி.மீ. துளைகளின் மையங்கள் அமரும் வட்டத்தின் ஆரமும் இதுவே. அதிலிருந்து துளையின் பாதி 3.8, வெளிச்சுவர் 2.8. மொத்த ஆரம் 16, விட்டம் 32 மி.மீ.

இந்த 32 மி.மீ. கைக்கும் ஒத்துவருகிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2004-ல் வெளியிட்ட கைக்கருவித் தேர்வு வழிகாட்டி, அழுத்திப் பிடித்துச் செய்யும் வேலைக்கு ஒன்றேகால் முதல் இரண்டு அங்குல விட்டமும், குறைந்தது நான்கு அங்குல நீளமும் கொண்ட கைப்பிடியைப் பரிந்துரைக்கிறது. நம் அளவு அந்த வரம்பின் கீழ் எல்லையில் அமைகிறது. எட்டுத் துளை வைத்தால் இதே சுவர்களுக்கு 38 மி.மீ. ஆகிவிடும். பெரிய கைக்குப் பரவாயில்லை, சிறிய கைக்கு அதிகம்.

நடுவில் ஏழாவது துளைக்கும் இடம் இருக்கிறதே, அங்கேயும் ஒரு பிட் வைக்கலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். சுற்றிலும் ஆறு பிட் நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் உள்ளதை விரலால் கிள்ளி எடுக்க முடியாது. அந்த இடத்தை மூடிக்குக் கொடுப்போம்.

மரத்தில் செய்பவர்கள் நான்கு துளைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1.8 மி.மீ. மரச்சுவர் இழையோடு பிளந்துவிடும்.

படி 4: ஆழமும் கைப்பிடியின் உட்பகுதியும்

மொத்த நீளம் 110 மி.மீ. இதில் உடல் 95, மூடி 15.

கைப்பிடியின் பின்முனையிலிருந்து போடும் பிட் துளையின் ஆழம் 15 மி.மீ. முனை மேலே தெரியும்படி, அறுகோணப் பகுதி உள்ளே போகும்படி வைக்கிறோம். 10 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும், அதைப் பிடித்து எடுக்கலாம். முனை தெரிவதால் எது எந்த பிட் என்று தேட வேண்டியதில்லை. ஆனால் பி.எச்.2-ம் பி.இசட்.2-ம் (போசிட்ரிவ் என்ற இன்னொரு கூட்டல்குறி வகை) பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், தவறான பிட்டைப் போட்டால் ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிடும். இரண்டையும் வைத்திருந்தால், ஒவ்வொரு துளைக்கும் நேராக வெளிச்சுவரில் அரை மி.மீ. ஆழத்தில் பெயரைப் பொறித்துவிடுங்கள்.

ஒவ்வொரு துளையின் அடியிலும் 6 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள நியோடிமியம் காந்தத்துக்கு ஒரு சிறு பள்ளம் (6.1 மி.மீ. விட்டம், 2.2 மி.மீ. ஆழம்). தலைக்கு மேலே உள்ள கூரையில் வேலை செய்யும்போது கைப்பிடியின் பின்புறம் தரையைப் பார்க்கும். காந்தம் இல்லாவிட்டால் மூடியைத் திறந்த நொடியில் உள்ளிருக்கும் பிட்டுகள் எல்லாம் கீழே விழும். குலுங்கும் சத்தமும் இதனால் பெருமளவு அடங்கும். காந்தங்களை எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் வலுவான பசை) போட்டு ஒட்டுங்கள், ஏதோ ஒரு பசை போதும் என்று விட வேண்டாம். கழன்று விழும் சிறிய காந்தங்களைக் குழந்தைகள் ஒன்றுக்கு மேல் விழுங்கினால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவ்வளவு துளை போட்டால் கைப்பிடி பலவீனமாகாதா? முறுக்கு விசையைப் பெரும்பாலும் வெளிப்புறப் பொருள்தான் தாங்குகிறது. ஓர் உருளையின் நடுவே விட்டத்தில் பாதி அளவுக்குத் துளை போட்டாலும், முறுக்கைத் தாங்கும் வலிமையில் 94 சதவீதம் மிஞ்சும். ஆனால் பக்கவாட்டில் நீளமாக வெட்டித் திறந்தால் கதை மாறிவிடும். முழு வட்டம் உடைந்த குழாய் மிக எளிதாக முறுகும். அதனால்தான் பக்கத்தில் இழுக்கும் அறை அமைப்பை முதல் வடிவத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பின்புறமிருந்து நேராகப் போடும் துளைகளே பாதுகாப்பு. கை கொடுக்கும் முறுக்கு முழுவதும் கடைசியில் முன்பகுதி வழியாகத்தான் தண்டுக்குப் போகிறது, அந்தப் பகுதியில் சேமிப்புத் துளை எதுவும் வேண்டாம்.

படி 5: மூக்கு

பிட்டை மாட்டும் பகுதியை நாமே செய்ய வேண்டியதில்லை. அறுகோணத் தண்டுள்ள காந்த பிட் ஹோல்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தண்டு போக, முன்பக்கம் 6.5 மி.மீ. அறுகோணத் துளை. ஆழம் உங்கள் ஹோல்டரின் தண்டைப் பொறுத்தது, 25 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ஆழம் கூடக் கூட, பிளாஸ்டிக்கின் மூலைகள் மீது விழும் அழுத்தம் குறையும். எபாக்சி ஊற்றி நுழைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

படி 6: மூடி

மூடி என்றதும் திருகுமரைதான் நினைவுக்கு வரும். இங்கே அது பொருந்தாது. ஸ்க்ரூவைக் கழற்றும்போது உள்ளங்கை பின்புறத்தை அழுத்தி இடப்பக்கம் சுற்றுகிறது, வலம்சுற்று மரையுள்ள மூடி அதே திசையில்தான் கழலும். பாதி வேலையில் மூடி தளர்ந்து நிற்கும்.

பதிலாக, மூடியின் உட்புறம் நடுவில் ஒரு தண்டு வையுங்கள். 7.6 மி.மீ. விட்டம், 24 மி.மீ. நீளம். அது கைப்பிடியின் நடுவில் உள்ள 8 மி.மீ. துளைக்குள் 12 மி.மீ. போகும், துளையின் ஆழம் 14 மி.மீ. இருக்கட்டும். தண்டின் நுனிக்கு அருகே 5.4 மி.மீ. விட்டத்துக்கு ஒரு காடி வெட்டி, உள்விட்டம் 5 மி.மீ., கனம் 1.5 மி.மீ. உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். அந்த ரப்பரின் உராய்வு மூடியைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கழலும்.

இதில் ஒரு சிக்கல் வரும். ஓ-ரிங் காற்றையும் அடைப்பதால், உள்ளே சிக்கிய காற்று மூடியை மெல்ல வெளியே தள்ளும். நடுத்துளையின் சுவரில் மேலிருந்து அடி வரை 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு கோடு போல வாய்க்கால் விட்டால் காற்று வெளியேறிவிடும்.

மூடியின் உள்விட்டம் 28, உள்ளாழம் 12 மி.மீ. வெளியே நீட்டும் 10 மி.மீ. பிட்டுக்கு மேல் 2 மி.மீ. இடைவெளி. மூடி தனியாகச் சுழலாமல் இருக்க, விளிம்பில் ஒரு சிறு பல்லும் உடலில் அதற்கேற்ற வெட்டும் கொடுங்கள். பின்முனையைக் கூர்விளிம்பு இல்லாமல் நன்றாக உருட்டிவிடுங்கள், உள்ளங்கை முழு பலத்தோடு அழுத்தும் இடம் அது.

படி 7: அட்டை, துண்டு, முழு வடிவம்

முதலில் ஓர் அட்டையில் 32 மி.மீ. வட்டம் வரைந்து ஆறு துளைகளைக் குறித்து, பிட்டுகளைக் குத்தி நிறுத்திப் பாருங்கள். விரல் நுழைகிறதா என்று அப்போதே தெரியும்.

அடுத்து 10 மி.மீ. உயரத்துக்கு ஒரு சோதனைத் துண்டு. அதில் 7.4, 7.6, 7.8 மி.மீ. வட்டத் துளைகளும், 6.4, 6.5, 6.6 மி.மீ. அறுகோணத் துளைகளும் இருக்கட்டும். உங்கள் பிரிண்டருக்கு எது சரி என்று இந்தத் துண்டுதான் சொல்லும், என் எண்களைவிட அதை நம்புங்கள். பிட் தன் எடையில் உள்ளே இறங்க வேண்டும், ஆட்டம் காட்டக் கூடாது.

பிறகு முழு உடல். மூக்கு கீழே, துளைகள் மேலே பார்க்க நிற்க வைத்து அச்சிட்டால் தாங்கிகள் (அச்சிடும்போது தொங்கும் பகுதிகளுக்கு முட்டுக்கொடுத்து, பிறகு உடைத்தெடுப்பவை) தேவைப்படாது. சுற்றுச்சுவர் ஐந்து வரிகளாவது இருக்கட்டும். 3டி பிரிண்டரில் பயன்படும் பிளாஸ்டிக்குகளில் பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வளைந்துவிடலாம். பி.இ.டி.ஜி. என்ற வகை இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், வேலைக்கான கருவிக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: சோதனை

மூடியைப் போட்டுக் குலுக்குங்கள். சத்தம் வந்தால், மூடியின் உட்கூரையில் மெல்லிய ரப்பர் தாள் ஒட்டுங்கள். திறந்து தலைகீழாகப் பிடியுங்கள், எதுவும் விழக் கூடாது. ஈரக் கையோடு மூடியைக் கழற்றிப் பாருங்கள், வழுக்கினால் மூடியின் வெளிப்புறத்தில் நெடுக்கு வரிகள் சேருங்கள்.

கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு மூக்கில் உள்ள பிட்டைக் கழற்றிக் காலித் துளையைத் தடவிக் கண்டுபிடித்து வையுங்கள். தடுமாறினால் துளைகளின் வாய்களை 0.5 மி.மீ. சாய்வாக வெட்டி அகலப்படுத்துங்கள். பிட் தானாக வழுக்கி உள்ளே போகும்.

இதெல்லாம் ஒத்துவந்த பிறகு 50 மி.மீ. நீள பிட்டுகளுக்கு மாற்ற விரும்பினால், துளைகளின் ஆழத்தை 40 மி.மீ. ஆக்கினால் போதும். மூக்குத் துளை 30 மி.மீ. வரை ஆழமாக இருந்தாலும் இடையில் 20 மி.மீ.க்கு மேல் திடப்பகுதி மிஞ்சும். மூடியிலும் வெளி அளவிலும் எதையும் தொட வேண்டியதில்லை.